சத்திரக்காரனுக்குக் கொடுத்த பணம்

(அம்மாபேட்டையில் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் வழங்கிய உரை)



உங்களில் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "இரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளையை எப்படியும் சென்னைக்கோ வேலூருக்கோதான் அனுப்புகிறீர்கள். அப்படியிருக்க, நாங்கள் இங்கே கொடுக்கிற காணிக்கை அந்தப் பிள்ளைக்கு எதற்கு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

1948-ஆம் ஆண்டு வரை இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு மருந்தே இல்லை. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் போஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், ஒரு மருந்தினால் நோய் தற்காலிகமாகவேனும் அடங்குகிறது என்று காட்டினார். அம்மருந்தை அவருக்குக் கொடுத்த ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்னொரு மருந்தாகிய வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது. சுடுகாட்டு மல்லி என்று நம் ஊரில் ஒதுக்கப்படும் அதே செடிதான். ஆகவே இந்த வைத்தியம் தொடக்கம் முதலே பல நாட்டார் கைகோத்துச் செய்த காரியம்.

ஆனாலும் அதன் பலன் நம் பிள்ளைகளுக்கு எளிதில் வந்து சேரவில்லை. 1970-களில் நம் நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலேகூட, பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் நோய் திரும்பாமல் பிழைத்தவர்கள் 20 சதவீதத்திற்கும் குறைவு.

1984-ஆம் ஆண்டு முதல் ஒரு மாற்றம் ஏற்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் டாக்டர் இயன் மக்ராத்துடன் சேர்ந்து ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதற்கு எம்.சி.பி. 841 என்று பெயர். எந்த வாரம் எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் மூன்று இடத்திலும் ஒன்றே. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன நேர்ந்தது என்று எழுதி வைத்து, ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிருமித் தொற்றைக் கவனிப்பது, இரத்தம் ஏற்றுவது போன்ற துணைச் சிகிச்சைகளும் முன்னேறின. பலன் என்ன தெரியுமா? நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் நோயின்றி இருந்தவர்கள் 45 முதல் 60 சதவீதம் ஆயினர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாக ஓர் அதிசய மருந்து வந்ததால் இது நடக்கவில்லை. இருந்த மருந்துகளையே ஒழுங்காக, ஒருமனப்பட்டு, இடைவிடாமல் கொடுத்ததால் நடந்தது.

இதேபோல் 1986-இல் இத்தாலியின் மோன்சா நகர மருத்துவமனை, ஏழை நாடாகிய நிகரகுவாவின் தலைநகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையுடன் கைகோத்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம், 2030-க்குள் உலகெங்கும் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது பிழைக்க வைப்பது என்று இலக்கு வைத்தது. செல்வ நாடுகளில் இன்று 80 சதவீதத்திற்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளிலோ 30 சதவீதம்கூட இல்லை.

இந்த இடைவெளி எங்கே விழுகிறது? முதலாவது, தாமதம். மேல்நாட்டுப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகள் நோய் முற்றிய நிலையிலேயே வந்தார்கள் என்பதை அந்த மூன்று மருத்துவமனைகளின் பதிவேடுகளே காட்டின. இரண்டாவது, பாதியில் நிறுத்துவது. முதல் மாத மருந்திலேயே பிள்ளை தெளிந்து விளையாடத் தொடங்கும். "சரியாகிவிட்டது" என்று பெற்றோர் எண்ணுவார்கள். ஆனால் மறைந்திருக்கும் நோயை அழிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகவும் மருந்து தொடர வேண்டியிருக்கும்.

அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 340 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னைக்குப் போனால், அன்றைக்குத் தறி நின்றது, கூலியும் நின்றது. நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் வீட்டிலும் அதே கதைதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவின் பாரத்தைப் பெரிதும் குறைக்கிறது. அதற்காக நன்றி சொல்லுகிறோம். ஆனால் பஸ் கட்டணம், தங்கும் அறை, தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டில் விட்டு வந்த மற்றப் பிள்ளைகளின் பசி ஆகியவற்றைக் குடும்பம்தான் சுமக்கிறது. பல பிள்ளைகளின் சிகிச்சை இந்தச் சிறு செலவுகளில்தான் அறுந்து போகிறது.

நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோய், சத்திரக்காரன் கையில் பணமும் கொடுத்து, மிஞ்சிய செலவையும் ஏற்றுக்கொண்டான். எங்களைப் போன்ற சிறிய மருத்துவமனையின் பங்கும் அதுவே. காலத்தில் சந்தேகித்து அனுப்புவதும், அனுப்பிய பிள்ளை அடுத்த தவணைக்குப் போகும்படி பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலை. உங்கள் காணிக்கை அதற்குத்தான்.

பணம் மட்டுமல்ல, இன்னும் இரண்டு உதவிகள் உங்களால் ஆகும். ஒன்று, இரத்த தானம். மற்றொன்று, கவனிப்பு. ஓய்வுநாள் பள்ளியிலோ தெருவிலோ ஒரு பிள்ளைக்கு விடாத காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்புகள், இரவில் எழுப்பும் எலும்பு வலி, கழுத்தில் கரையாத கட்டி, கண்ணின் பாவையில் வெள்ளை ஒளி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாயிடம் சொல்லுங்கள். எல்லாம் புற்றுநோயாக இராது. ஆனாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

மூன்று நகரங்களும் ஒரு தூர தேசமும் ஒருமனப்பட்டதால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. அந்த வழியின் முதல் பஸ் கட்டணம் சேலத்தில் செலுத்தப்பட வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் செலுத்துகிறீர்கள்.