சிறிய ஊசி, பெரிய பயம்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை என்றதும், "முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடுமாமே, ஐயா?" என்று நோயாளிகள் என்னிடம் கேட்பதுண்டு. அந்த ஊசி தண்டுவடத்திற்குப் போவதே இல்லை. பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்புற மேட்டில்தான் போடுகிறார்கள்.

நம் இரத்த அணுக்கள் உருவாவது மஜ்ஜையில். இரத்தப் புற்றுநோயா, வேறு நோயா என்று அறிய அதிலிருந்து சிறு துண்டு தேவை. பழைய ஊசிகளில் அந்தத் துண்டு பல வேளைகளில் நசுங்கிவிடும். 1971-ல் ஜம்ஷிதி என்ற டாக்டரும் அவருடைய சக மருத்துவரும் நுனி மட்டும் குறுகிய ஊசியொன்றை அறிமுகப்படுத்தினார்கள். குறுகிய வாயில் நுழையும் துண்டு, அகன்ற குழலுக்குள் நசுங்காமல் தங்குகிறது. இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

தோலையும் எலும்பின் மேலுறையையும் மருந்தால் மரத்துப்போகச் செய்யலாம். ஆனால் மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில வினாடி வலிக்கு அம்மருந்து எட்டாது. அப்போது நோயாளிக்கு வேண்டியது பிடித்துக்கொள்ள ஒரு கை. அதை நாங்கள் கொடுக்கிறோம்.

ஊசி மழுங்கியிருந்தால் எலும்பைத் துளைக்க அதிக பலம் வேண்டும். துண்டு சரியாகக் கிடைக்காவிட்டால் மறுபடியும் குத்த நேரிடும். கூரான புது ஊசி அந்த வேதனையைக் குறைக்கும். அதை வாங்க உதவும் உங்கள் காணிக்கையும், ஏழை நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கைதான்.