அடுத்த ஆண்டு பார்ப்போம்

நம் நாட்டில் கிரிக்கெட் பெற்றிருக்கும் செல்வாக்கை அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெற்றிருப்பது பேஸ்பால் என்னும் பந்தாட்டம். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுவது இரண்டுக்கும் பொது. ஆனால் பல நாள் ஆடியும் வெற்றி தோல்வியின்றி முடிவது பேஸ்பாலில் வழக்கமில்லை. ஒரே நாளில் ஒரு கோஷ்டி வெல்லும், மற்றது தோற்கும். மறுநாளே இரண்டும் மீண்டும் களம் இறங்கும். வசந்தத்தில் தொடங்கும் இந்தப் பந்தயத் தொடர் செப்டம்பர் இறுதிவரை ஏறக்குறைய நாள்தோறும் நடைபெறும். இன்று ஒவ்வொரு தொழில்முறைக் கோஷ்டியும் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. 1950-களில் அந்த எண்ணிக்கை 154.

இத்துணை நீண்ட பயணத்தில் ஒரு தோல்வி எம்மாத்திரம் என்று தொடக்கத்தில் தோன்றும். ஆகஸ்ட் பிறந்ததும் ரசிகர்களின் பேச்சே மாறிவிடுகின்றது. அதுவரை ஆட்டக்காரர்களின் திறமையைப் பேசியவர்கள் அதன்பின் கணக்குப் பேசுகிறார்கள். எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம், எத்தனை ஆட்டம் மிச்சமிருக்கின்றன என்பதே பேச்சு. அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு 1951-ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அக்காலத்தில் நியூயார்க் நகரிலேயே மூன்று பெரிய கோஷ்டிகள் இருந்தன. அவற்றுள் புரூக்ளின் பகுதியின் டாட்ஜர்ஸும், மன்ஹாட்டன் பகுதியின் ஜெயண்ட்ஸும் ஒரே லீகில் மோதிய பரம வைரிகள். ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்து அமர்ந்தவர்களும், ஒரே ரயிலில் வேலைக்குச் சென்றவர்களும் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

1951 ஆகஸ்ட் 11 இரவு டாட்ஜர்ஸ் 70 வெற்றியும் 36 தோல்வியும் பெற்றிருந்தது. ஜெயண்ட்ஸுக்கு 59 வெற்றி, 51 தோல்வி. வெற்றியில் 11 வேற்றுமை. தோல்வியில் 15 வேற்றுமை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 13. அதாவது ஜெயண்ட்ஸ் பதின்மூன்று ஆட்டம் பின்தங்கி நின்றது.

ரசிகர்கள் இன்னொரு எண்ணையும் கணக்கிடுவார்கள். அதற்கு ‘மாய எண்’ என்று பெயர். அன்றைய நிலையில் டாட்ஜர்ஸ் பெறும் வெற்றிகளும் ஜெயண்ட்ஸ் அடையும் தோல்விகளும் சேர்ந்து 34 ஆகிவிட்டால், ஜெயண்ட்ஸ் அதன்பின் டாட்ஜர்ஸை எட்டவே முடியாது. டாட்ஜர்ஸுக்கு 48 ஆட்டங்களும் ஜெயண்ட்ஸுக்கு 44 ஆட்டங்களும் மிச்சமிருந்தன. புரூக்ளின்வாசிகள் கவலையற்று உறங்கியதில் வியப்பில்லை.

மறுநாள் தொடங்கி ஜெயண்ட்ஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்றது. எஞ்சிய 44 ஆட்டங்களில் 37 வெற்றி, ஏழே தோல்வி. டாட்ஜர்ஸ் அடியோடு வீழ்ந்துவிடவில்லை. அதன் எஞ்சிய ஆட்டங்களில் 26 வெற்றி, 22 தோல்வி. கடைசி நாளில் பிலடெல்பியாவில் பதினான்கு இன்னிங்ஸ் வரை நீண்ட ஆட்டத்தை ஜாக்கி ராபின்சன் தம் மட்டையால் வென்று கொடுத்தார். அப்போது 26-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 33. வேண்டியிருந்தது 34, ஒன்றே ஒன்று குறைந்தது! இரு கோஷ்டிகளும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாக நின்றன.

இங்கேதான் ரசிகர்களின் பேச்சில் உள்ள உண்மை விளங்குகின்றது. ஏப்ரலில் ஜெயண்ட்ஸ் தொடர்ந்து 11 ஆட்டங்கள் தோற்றிருந்தது. அவற்றுள் ஒன்றை வென்றிருந்தால், சமநிலைக்கே இடமில்லை. குளிர் விலகாத ஏப்ரலில் யாரும் பொருட்படுத்தாத தோல்விக்கும், செப்டம்பரில் ஊரே மூச்சடக்கிப் பார்க்கும் தோல்விக்கும் ஏட்டில் ஒரே எடைதான்.

சமநிலையைத் தீர்க்க மூன்று ஆட்டங்கள் நடத்தப்பட்டன. ஆளுக்கொன்று வென்றபின், அக்டோபர் 3-ஆம் நாள் மூன்றாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸ் தொடங்கியபோது டாட்ஜர்ஸ் 4, ஜெயண்ட்ஸ் 1. ஜெயண்ட்ஸ் ஓர் ஓட்டம் சேர்த்து, மேலும் இருவரைக் களத்தில் நிறுத்தியிருந்தது. அந்த நிலையில் ரால்ப் பிராங்கா எறிந்த பந்தை பாபி தாம்சன் மதிலுக்கு அப்பால் பார்வையாளர் நடுவே அடித்தார். மூன்று ஓட்டங்கள், ஜெயண்ட்ஸ் 5, டாட்ஜர்ஸ் 4.

வானொலியில் வருணனை செய்த ரஸ் ஹாட்ஜஸ், ஜெயண்ட்ஸ் வென்றதென்று மீண்டும் மீண்டும் கூவினார். அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைப்பது ஒரு ரசிகரின் புண்ணியத்தால்தான். வேலைக்குப் போகவேண்டியிருந்த அவர், ஒலிப்பதிவுக் கருவியை இயக்குமாறு தம் தாயாரிடம் சொல்லிச் சென்றார்.

ஐம்பது ஆண்டு கழித்து, 2001-இல் ஒரு கசப்பான செய்தி வெளிப்பட்டது. ஜெயண்ட்ஸ் தன் சொந்த மைதானத்தில் தொலைநோக்கி வைத்து, எதிர்க்கட்சியினர் விரல்களால் காட்டிய சைகைகளை வேவு பார்த்திருக்கின்றது. அந்தப் பந்துக்குத் தமக்கு எந்தக் குறிப்பும் வரவில்லை என்று தாம்சன் மறுத்து வந்தார். வெளியூர் மைதானங்களிலும் ஜெயண்ட்ஸ் வென்றதே என்பார் ஒரு சாரார். களங்கம் களங்கமே என்பார் மற்றொரு சாரார். ஆட்டம் முடிந்தும் வழக்கு முடியவில்லை!

தோற்ற புரூக்ளின் ரசிகர்களிடம் பழைய வாசகம் ஒன்று இருந்தது: ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்.’ 1955-இல் டாட்ஜர்ஸ் உலகப் பந்தயத்தை வென்றபோது அந்த அடுத்த ஆண்டு வந்தேவிட்டது. ஆயினும் 1957-ஆம் ஆண்டுப் பந்தயங்கள் முடிந்ததும் உரிமையாளர்கள் டாட்ஜர்ஸை லாஸ் ஏஞ்சலீஸுக்கும், ஜெயண்ட்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கும் கொண்டு சென்றுவிட்டார்கள். 1960-இல் புரூக்ளின் மைதானம் இடிக்கத் தொடங்கப்பட்டது. 1964-இல் தாம்சன் ஆடிய மைதானமும் இடிக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் குடியிருப்புகள் எழுந்தன.

தாம்சனின் அடியால் புரூக்ளின் இழந்தது ஓர் ஆண்டின் வெற்றி மட்டுமே. அந்தத் துயரை ஆற்றிக்கொள்ள அவர்களிடம் அடுத்த ஆண்டு இருந்தது. கோஷ்டி ஊரைவிட்டுப் போனபோதோ அந்த அடுத்த ஆண்டே பறிபோயிற்று. தொடரின் இறுதியில் ரசிகர்கள் விரல்விட்டு எண்ணும் எண்களெல்லாம் அந்த ஒரு நம்பிக்கையின்மேல் நிற்பவை. கோஷ்டி உரிமையாளரின் சொத்தாக இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சு ஊராரின் சொத்து. தெருமுனையில் நின்று தோல்விக்குக் கணக்குக் கேட்பவர்களைக் கண்டால், வேலையற்றவர்கள் என்று நாம் நகைக்க வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டும் அதே மைதானம், அதே கோஷ்டி, வாதாட அதே அண்டைவீட்டார் என்று நம்பி நிற்பவர்கள் அவர்கள்.