உயரத்தையும் கேளுங்கள்



ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகள் பலவற்றில் குழித்தறிக்குப் பக்கத்திலேயே படுக்கையும் இருக்கும். அப்படி ஒரு வீட்டில், ஆறு வயதுப் பையனுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரத்த டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். குழந்தைகளுக்கான சிறுநீரகப் பிரிவைத் தேடி வேலூர் சிஎம்சிக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகவேண்டும். ஒருவர் கூடப் போனால் தறி நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் தறி நின்றால் என்ன ஆகும் என்பதை ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த அலைச்சலில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. பையன் வளர்கிறானா? ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கிறோம், உயரம் எவ்வளவு என்று கேட்பதில்லை. போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்கும் அளவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. வைட்டமின் டி வேலை செய்வதற்கும், ரத்தம் ஊறுவதற்கும், அமிலம் சேராமல் இருப்பதற்கும் அதுதான் பொறுப்பு. அது ஓய்ந்தால் எலும்பு பலமிழக்கும், பசி எடுக்காது. வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும் உடம்பு அதற்குச் சரியாக இணங்காது. டயாலிசிஸ் இதையெல்லாம் முழுதாக ஈடுகட்டாது. மீதியை மருந்தும் சாப்பாடும்தான் செய்யவேண்டும்.

சாப்பாட்டில்தான் தவறு அதிகம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சொன்ன பத்தியத்தைப் பிள்ளைக்கும் வைத்து, முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். டயாலிசிஸில் இருக்கும் பிள்ளைக்குப் புரதம் குறையவே கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு நல்லது, அதில் பாஸ்பரஸ் குறைவு. களம்பூர் அரிசிச் சோறு தாராளமாகப் போடலாம், மேலே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் இன்னும் தெம்பு. இளநீரும் வாழைப்பழமும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். கைக்குழந்தை குடிக்க மறுத்தால் மூக்கு வழியே குழாய் வைக்கச் சொல்வார்கள். பெற்ற மனசு பதறும்தான். ஆனால் குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளரவேண்டிய முதல் வருஷம் அது.

வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து, வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸ் நெசவாளர் வீட்டுக்குத் தோதானது என்பது என் எண்ணம். இரவில் மெஷின் ஓடும், பகலில் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இந்த முறையில் புரதம் கொஞ்சம் வெளியேறும், அதையும் சாப்பாட்டில் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தறி இருக்கும் அறையில் மட்டும் பை மாற்றாதீர்கள், இழைத்தூசு ஆகாது. வேறு அறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு உயரம் ஏறாவிட்டால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்கிறது. தினமும் போடவேண்டும், விலையும் அதிகம். சாப்பாட்டையும் அமிலத்தையும் சரிசெய்யாமல் அதைப் போட்டால் பணம்தான் கரையும்.

நல்ல வழி மாற்றுச் சிறுநீரகம்தான். வேலூர் சிஎம்சியில் 1971-லேயே அந்தச் சிகிச்சை வெற்றி கண்டது. சின்ன வயதிலேயே கிடைத்தால், விட்டுப்போன உயரத்தில் ஒரு பங்கைப் பிள்ளை எட்டிப்பிடித்துவிடும். அதனால் டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே, யாருடைய சிறுநீரகம் பொருந்தும் என்ற பேச்சையும் டாக்டரிடம் தொடங்கிவிடுங்கள்.