ஞாயிற்றுக்கிழமை யார் முறை?

வாரக்கடைசியில் வண்டிகள் மலையேறினால் கொட்டச்சேட்டில் நமக்குக் குப்பையும் கூடுகிறது, வாசல் வேலையும் கூடுகிறது. அந்த இரண்டு நாளையும் பகுதி நேரப் பெண்கள் தலையில்தான் கட்டுகிறோம். "அரை நாள் வேலைதானே" என்று சமாதானம் வேறு! அவர்கள் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை அன்றுதான்.

வங்கிகளின் இருதரப்பு ஒப்பந்தத்தில் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளருக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். வாரம் 13 மணிக்கு மேல் 19 வரை என்றால் பாதி. 29-ஐத் தாண்டினால் முழுசு. விடுமுறை நாள் முறைக்கும் அதே கணக்கைப் போடுவோம். முழு நேரக்காரருக்கு மாதம் இரண்டு ஞாயிறு என்றால் அரை நேரக்காரருக்கு ஒன்று. மே மாதக் கோடை விழாவில் எல்லாரும் வரவேண்டியிருக்கும். அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு. அட்டவணையை முன்கூட்டியே காவலர் அறையில் ஒட்டிவிடுங்கள்.