பலகைக்குள் இருக்கும் வில்

தமிழில் ‘சிலை’ என்றால் வில். அதே சொல்லுக்கு ஒரு வகை மரம் என்றும் அகராதிகள் பொருள் கூறுகின்றன. சேரரின் சின்னம் வில். கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு ‘வல்வில்’ என்பதே அடைமொழி. அவன் எய்த அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இத்தனை பெருமை பேசும் நம்மிடம், ‘வில்லை எப்படிச் செய்வது?’ என்று ஒரு பள்ளி மாணவன் கேட்டால் என்ன சொல்வோம்? கடையில் வாங்கிய ஒரு பலகையிலிருந்து முதல் வில்லைச் செய்யும் முறையை இன்று காண்போம்.

கோத்தா திங்கி வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தீபகற்பத்தின் வடபகுதிக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் முற்காலத்தில் வில்லைப் பயன்படுத்தினார்கள். தெற்கே, ஜொகூர்க் காடுகளில் வாழ்ந்த ஜாக்குன் மக்களின் கருவியோ ஊதுகுழல். ஆகவே, அருகில் ஒரு பெரியவரிடம் போய்ப் பார்த்துப் பழகிக்கொள்ள வழியில்லை. புத்தகங்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ஓக், ஆஷ், ஹிக்கரி, மேப்பிள் ஆகிய மரங்களைப் பற்றிப் பேசுபவை. அவற்றை நம் ஊர் மரத்துக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் பொருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், வில் வளையும்போது நடப்பதைத் தெரிந்துகொள்வோம். எய்பவரின் கண்ணுக்கு எதிர்ப்புறமாக, இலக்கை நோக்கி இருக்கும் பக்கம் வில்லின் முதுகு. எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் அதன் வயிறு. நாணை இழுத்தால் முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. முதுகில் உள்ள நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடினால் வில் தாங்கும். நார் சாய்வாக ஓடிப் பலகையின் விளிம்பில் முடிந்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு சிம்பு கிளம்பும். பிறகு வில் ஒடியும். நாணை முகத்தருகே இழுத்து நிற்கும் வேளையில்தான் வில் பெரும்பாலும் ஒடிகிறது என்பதை மறந்துவிடலாகாது. கண்ணுக்கு அருகில் நடக்கும் விபத்து அது.

ஆகவே, வில் நல்லதா கெட்டதா என்பது மரக்கடையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ‘உறுதியான மரம் கொடுங்கள்’ என்று கேட்டால், கடைக்காரர் செங்கால் மரத்தை எடுத்துப் போடலாம். வீட்டுத் தூணுக்கும் பாலத்துக்கும் அது சிறந்த மரம். ஆனால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. வில்லின் நுனி கனத்தால் அம்பின் வேகம் குறையும். மெராந்தியிலோ நார் பெரும்பாலும் ஓர் அடுக்கில் இப்புறமும் அடுத்த அடுக்கில் அப்புறமும் சாய்ந்து பின்னிக் கிடக்கும். வெப்பநாட்டு மரங்கள் பலவற்றுக்கும் உரிய குணம் இது. பெயர்பெற்ற மரம் என்பதற்காக வாங்காமல், கையில் உள்ள அந்த ஒரு பலகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? குளிர்நாட்டுப் புத்தகங்கள் ஆண்டு வளையங்களைப் பார்க்கச் சொல்லும். நம் நாட்டு மரங்கள் பலவற்றில் அவ்வளையங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. பலகையின் மேல் ஊசியால் கீறியதுபோல் சிறுசிறு கோடுகள் தெரியும். அவை மரத்தின் நீர்க்குழாய்கள். நார் ஓடும் திசையைக் காட்டுபவை. அகலப் பக்கத்திலும் பக்கவாட்டிலும் அக்கோடுகள் விளிம்புக்கு இணையாக முனைக்கு முனை ஓட வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு சொட்டு மையை வையுங்கள். மை நார் வழியே நீளும், சாய்வு தெரிந்துவிடும். கணு, வெடிப்பு, பூச்சித் துளை உள்ள பலகை வேண்டாம். ஐம்பது பலகைகளைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தாலும் அது வீண் வேலை ஆகாது. நேரான நாருள்ள ஓக்கோ ஆஷோ இறக்குமதி மரம் விற்கும் கடையில் கிடைத்தால், முதல் வில்லுக்கு அதுவே எளிது.

அளவைச் சொல்வோம். நீளம் 6 அடி, அகலம் ஒன்றரை அங்குலம், கனம் முக்கால் அங்குலம். 28 அங்குலம் நாண் இழுக்கும் வளர்ந்தவருக்கு இந்த நீளம் பாதுகாப்பானது. நடுவில் 8 அங்குலத் துண்டு ஒன்றைத் தச்சுப் பசையால் வயிற்றுப் பக்கம் ஒட்டுங்கள், அது கைப்பிடி. அதன் இரு ஓரங்களையும் சரிவாகச் சீவுங்கள். வில்லின் இரு கைகளும் பாதித் தூரம்வரை முழு அகலத்தில் இருந்து, பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறுகட்டும். முதுகில் லினன் துணி ஒன்றைப் பசையிட்டு ஒட்டினால் சிம்பு கிளம்புவதை அது தடுத்துப் பிடிக்கும். நாண் மாட்டும் வெட்டுக்குக் குதை என்று பெயர். அதை உருண்டை அரத்தால் இரு நுனிகளிலும் பக்கவாட்டில் அராவுங்கள். முதுகின் குறுக்கே மட்டும் வெட்டலாகாது.

அடுத்து ஈரம். நம் ஊரில் வெளிக்காற்றில் உலர்ந்த மரத்திலும் 15 விழுக்காடு அளவுக்கு ஈரம் நிற்பதுண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெருவெள்ளம் கண்ட ஊருக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வில்லுக்கு 10 விழுக்காட்டை ஒட்டிய ஈரமே நல்லது. ஈரமான மரம் வளைத்த வளைவிலேயே நின்றுவிடும், திரும்பி நிமிராது. பலகையைச் சில வாரங்கள் வீட்டுக்குள், தரையில் படாமல், காற்றோட்டமாக வைத்திருங்கள். மழைக்காலத்தில் இன்னும் பொறுத்திருப்பது நல்லது.

இனி, வில்லை வில்லாக்கும் வேலைக்கு வருவோம். மரத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுரண்டினால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பும் அதே பத்தில் ஒரு பங்குதான் குறையும். எனவே வயிற்றுப் பக்கத்தில் ஓடும் சுரண்டி ஒவ்வொன்றும் கணக்குப் பார்த்து ஓட வேண்டும். முதுகுப் பக்கத்தைச் சுரண்டவே கூடாது. அதன் விளிம்புக் கூர்மையை மட்டும் உப்புத்தாளால் மழுக்குங்கள்.

சுவரில் ஒரு கட்டையை அறைந்து, கைப்பிடியை அதன் மேல் கிடத்துங்கள். தளர்ந்த நீண்ட கயிறு ஒன்றைக் குதைகளில் மாட்டி, கீழே ஒரு கப்பி வழியாகச் சற்றுத் தூரத்திலிருந்து இழுங்கள். இரு கைகளும் ஒரே அளவாக, ஒரே சீராக வளைகின்றனவா என்று பாருங்கள். விறைத்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் சுரண்டுங்கள். அதிகமாக வளையும் இடத்தைத் தொடாதீர்கள். சுரண்டியபின் இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விட்டால்தான் மரம் தன் புது வளைவைக் காட்டும். நுனிகள் ஐந்தாறு அங்குலம் சீராக வளைந்த பிறகு குட்டை நாணை ஏற்றுங்கள். முதலில் தாழ்வாக ஏற்றி, வளைவு சரியானபின் நாணுக்கும் கைப்பிடிக்கும் 6 அங்குல இடைவெளி வரச் செய்யுங்கள்.

ஒரு விதியைத் தவறவிடக் கூடாது. முதல் வில்லுக்கு 35 ராத்தல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ இழுவை போதும். மீன் நிறுக்கும் சுருள்தராசை நாணில் மாட்டி இழுங்கள். 35 ராத்தல் வந்ததும், 15 அங்குலமே இழுபட்டிருந்தாலும், அங்கே நிறுத்துங்கள். சுரண்டியபின் மறுபடியும் இழுங்கள். இப்படி அங்குலம் அங்குலமாக 28 அங்குலத்தை எட்ட வேண்டும். ‘கொஞ்சம் இழுத்துத்தான் பார்ப்போமே’ என்ற ஆவலால் ஒடிந்த வில்கள் ஏராளம். குறைத்த மரம் திரும்பி வராது. பொறுத்த நாள் வீணாகாது.

முடிந்த வில்லுக்கு வார்னிஷ் பூசுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள்; அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே அடித்து அதை உடைத்துவிடும். எய்யும்போது இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். முன்னால் ஒருவரும் இருக்கலாகாது. இது இலக்குப் பழக மட்டுமே. உரிமம் இன்றிக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

தோட்டத்தில் வளர்ந்த நம் மக்களுக்குக் கைவேலை புதிதன்று. பட்டையைச் சீவும்போது ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் ரப்பர் மரத்துக்குக் காயம் என்று அறிந்த கைகள் நம் பெற்றோருடையவை. அதே அளவறிந்த கை இந்த வேலைக்கும் போதும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பாருங்கள். ஒரு பலகையைப் பார்த்து அதன் நாரைப் படிக்கக் கற்ற பிள்ளை, பிறகு நாற்காலியையும் ஏணியையும்கூட வேறு கண்ணோடு பார்ப்பான்.