ஓ.பி. சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கு

(விருத்தாசலம் நகர ஐ.டி. விங் கலந்தாய்வுக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேசியதைப் பெரும்பாலும் அப்படியே கொடுத்திருக்கிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், முழுசா படிங்க. தேவைப்படுற ஒருத்தருக்கு அனுப்புங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு வேற. நகரப் பொறுப்பாளர் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டு மாத்திக்கிட்டேன். மனசு சரியில்லாம இருக்கிறவங்க, டாக்டர் நாள் குறிச்சுக் கொடுத்த பிறகும் ஏன் அந்த முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல? இதைப் பத்திதான் பேசப் போறேன். படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம், மீதி நானே அனுபவிச்சது.

நான் மெக்கானிக்கல் முடிச்சவன். முடிச்சு ரெண்டு வருஷம் வேலை இல்லாம வீட்ல இருந்தேன். தூக்கம் போச்சு. விடியக்காலை மூணு மணிக்கு முழிச்சு ஃபேனைப் பார்த்துக்கிட்டே கிடப்பேன். சோறு இறங்காது. அம்மா, "எல்லாம் அந்த செல்லைப் பார்க்கிறதாலதான்"னு சொல்லுவாங்க. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்துல ஒரு டாக்டர் நாலு கேள்வி கேட்டார். அப்புறம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "வர்ற வியாழக்கிழமை மனநலப் பிரிவுல போய்ப் பாருப்பா"ன்னார்.

வியாழக்கிழமை போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். மருந்து வாங்குற வரிசையில எங்க தெரு அத்தை நின்னுட்டு இருந்தாங்க. "என்னப்பா, யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டாங்க. "ஃப்ரெண்டைப் பார்க்க வந்தேன் அத்தை"ன்னு சொல்லிட்டு, வெளியே ஒரு டீயைக் குடிச்சுட்டு, திரும்பி வந்துட்டேன். சீட்டு சட்டைப் பையிலேயே இருந்துச்சு. துவைக்கப் போட்டதுல கூழாப் போச்சு. மறுபடி நான் அங்க போக நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்தை நான் எப்படிக் கழிச்சேன்னு இந்த மேடையில சொல்ல முடியாது.

அதனால இங்க யாரும் கை தூக்க வேண்டாம். ஆனா இந்தக் கூட்டத்துல என்னை மாதிரி இன்னும் சில பேர் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஒரு கணக்கு சொல்றேன். 2015-16-ல பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்கள்ல தேசிய மனநல ஆய்வு நடத்துச்சு. தமிழ்நாடும் அதுல ஒண்ணு. மனநலப் பிரச்சினை உள்ளவங்கள்ல சிகிச்சை கிடைக்காம இருக்கிறவங்க, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்னு அந்த ஆய்வு சொல்லுது. அதாவது பத்துப் பேர்ல ஏழுல இருந்து ஒன்பது பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்காங்க. "விழிப்புணர்வு இல்ல"ன்னு ஒரு வார்த்தையில இதை முடிச்சுடுறோம். எனக்கு விழிப்புணர்வு இருந்துச்சு. சீட்டும் இருந்துச்சு. பஸ்ஸுக்குக் காசும் இருந்துச்சு. அப்படியும் போகல.

ஏன் போகறதில்ல? என் அனுபவத்துல, நான் பேசிப் பார்த்தவங்க சொன்னதுல, அஞ்சு காரணம் இருக்கு.

முதல் காரணம், பேரு. சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற மனநல மருத்துவமனையோட தொடக்கம் 1794. நாட்டுலேயே பழமையான மனநல மருத்துவமனைகள்ல ஒண்ணு. அதை நாம என்ன பண்ணி வெச்சிருக்கோம்? "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்"னு சொல்லிச் சிரிக்கிறோம். ஒரு ஆஸ்பத்திரியோட பேரையே வசவா மாத்திட்டோம். மாற்றுக் கட்சிக்காரனைத் திட்டி மீம் போடும்போது "மெண்டல்"னு எழுதுறது யாரு? நாமதான். நானும் போட்டிருக்கேன். அதைப் படிக்கிற நம்ம தம்பி ஒருத்தன் கையில அப்ப அந்தச் சீட்டு இருந்தா, அவன் எப்படிப் போவான்?

ரெண்டாவது, கூலி. நம்ம ஊர் பீங்கான் பட்டறை, அகல் விளக்கு, பொம்மை வேலையை எடுத்துக்கங்க. அன்னிக்கு வேலை செஞ்சாத்தான் அன்னிக்குக் காசு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. கூட ஒருத்தர் வந்தா ரெண்டு பேர் கூலி. கடலூருக்குப் போன்னு எழுதிக் கொடுத்துட்டா சுமார் 60 கிலோமீட்டர், போக வர பஸ்ஸுலயே பாதி நாள் போயிடும். காய்ச்சல்னா முதலாளிகிட்ட சொல்லி லீவு கேட்கலாம். இதுக்கு என்னன்னு சொல்லிக் கேட்கிறது?

மூணாவது, நோயே தடுக்குது. இதுதான் வெளியில இருக்கிறவங்களுக்குப் புரியறதில்ல. கால் உடைஞ்சவனை மாடி ஏறி வந்து மாவுக்கட்டு போட்டுக்கோன்னு யாரும் சொல்ல மாட்டோம். மனச்சோர்வு இருக்கிறவனுக்கு எழுந்து குளிக்கவே தெம்பு இருக்காது. பதற்றம் இருக்கிறவனுக்குக் கூட்டத்தைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். சந்தேக நோய் இருக்கிறவர் டாக்டரையே நம்ப மாட்டார். எந்த நோய்க்காக வரச் சொல்றோமோ, அந்த நோயே வாசல்ல நின்னு தடுக்குது. நாள் தள்ளித் தள்ளிப் போகப் போக, போகணும்ங்கிற எண்ணமும் கரைஞ்சு போயிடுது.

நாலாவது, வீடு. மருமகளுக்கு மனசு சரியில்லன்னா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது அவங்களா? மாமியார், வீட்டுக்காரர், பொறந்த வீடு எல்லாரும் பேசி முடிக்கணும். "ஊருக்குத் தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது"ன்னு ஒருத்தர் சொல்லிட்டா போதும், சீட்டு பீரோவுக்குள்ள போயிடும். பல வீடுகள்ல ஒரே போன்தான். ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் வந்தாலும் அதை முதல்ல படிக்கிறது வேற ஆளா இருக்கும்.

அஞ்சாவது, உள்ளே என்ன நடக்கும்னு தெரியாத பயம். சினிமாவுல பார்த்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். ஷாக் கொடுப்பாங்க, கட்டிப் போடுவாங்க, ஒரு தடவை மாத்திரை எடுத்தா காலம் பூரா நிறுத்த முடியாதுன்னு பேசிக்கிறோம். நான் போன அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். ஓ.பி. சீட்டு போட்டாங்க. உட்கார வெச்சாங்க. தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலை என்ன, குடிப்பழக்கம் உண்டா, செத்துடலாம்னு எப்பவாவது தோணுதான்னு கேட்டாங்க. கடைசிக் கேள்விக்கு அழுதேன். யாரும் ஆச்சரியப்படல. மாத்திரை எழுதினாங்க. வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், நடுவுல நீயா நிறுத்தாதேன்னு சொன்னாங்க. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

இப்ப நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. பக்கத்துல மணவாளநல்லூர்ல கொளஞ்சியப்பர் கோயில் இருக்கு. நம்ம எல்லாருக்கும் தெரியும். மனக்குறை உள்ளவங்க அதைப் பேப்பர்ல பிராதா எழுதிக் கட்டிட்டு வருவாங்க. காரியம் முடிஞ்சா திரும்பப் போய் வாபஸ் வாங்குவாங்க. எங்கிருந்தெல்லாமோ வந்து கட்டுறாங்க. அங்க மட்டும் எப்படித் தவறாம போறாங்க? அங்க யாரும் உன்னை ஒரு மாதிரியாப் பார்க்க மாட்டாங்க. குறையை உன் வார்த்தையிலேயே எழுதலாம். வீட்டாளுங்க கூட வருவாங்க. திரும்ப எதுக்கு வரணும்னும் தெரியும். இந்த நாலும் ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தா அங்கேயும் போவாங்க.

கோயிலுக்குப் போகாதேன்னு நான் சொல்லல. பிராதும் கட்டுங்க, ஓ.பி. சீட்டும் போடுங்க. சாமியை மட்டும் நம்பி விட்டுட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஏர்வாடி இருக்கு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலியால கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. அவங்க யாரும் அநாதை இல்ல. குணமாகும்னு நம்பி சொந்தக் குடும்பமே கொண்டு வந்து விட்டவங்க நிறைய. அந்த ஊர்லயே இப்ப துவாவும் நடக்குது, மனநல மருத்துவமும் கிடைக்குது. ரெண்டும் சேர்ந்து போக முடியும்.

வெளியூர் உதாரணம் ரெண்டு சொல்றேன். ஜிம்பாப்வே நாட்டுல டிக்சன் சிபண்டான்னு ஒரு மனநல டாக்டர். அவர்கிட்ட சிகிச்சையில இருந்த ஒரு இளம்பெண் திரும்ப வர வேண்டிய நாள்ல வரல. தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு அப்புறம்தான் செய்தி வருது. ஏன் கூட்டிட்டு வரலன்னு அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட கேட்டார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லன்னாங்க. அந்த ஒரு பதில் அவரை மாத்திடுச்சு. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரணும்னு காத்திருக்கிறதை விட்டுட்டு, 2006-ல ஹராரே நகரத்துல 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்ச். அதுல உட்கார்ந்து பாட்டிங்க பேசுவாங்க, கேட்பாங்க. "நட்பு பெஞ்ச்"னு பேரு. அது பலன் கொடுக்குதுன்னு 2016-ல ஆய்வும் வந்துச்சு.

ரெண்டாவது நம்ம புதுக்கோட்டை. சென்னையில 1984-ல டாக்டர் சாரதா மேனன் தொடங்கின ஸ்கார்ஃப் அமைப்பு, 2010 வாக்குல புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்புச்சு. பஸ்ஸுக்குள்ள திரை இருக்கும். சென்னையில இருக்கிற டாக்டர் அதுல பேசுவார். மருந்தும் பஸ்லயே கிடைக்கும். சீட்டு கொடுத்து அனுப்பறதே இல்ல, டாக்டரே ஊருக்கு வந்துட்டார்.

நாம என்ன பண்ணலாம்?

தேர்தல் நேரத்துல நாம என்ன பண்றோம்னு யோசிங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் பட்டியல் இருக்கு. எந்த வீட்ல எத்தனை ஓட்டு, யாரு வெளியூர்ல இருக்காங்க, யாருக்கு முடியல, எல்லாம் விரல் நுனியில இருக்கு. வீடு வீடா சிலிப் கொடுக்கிறோம். முந்தின நாள் போன் பண்றோம். பதினொரு மணிக்கு "போட்டாச்சா அக்கா?"ன்னு கேட்கிறோம். மூணு மணிக்கு மறுபடி கேட்கிறோம். ஒரு ஓட்டு தவறிடக் கூடாதுன்னு இவ்வளவு பண்றோமே, ஒரு உசுரு தவறிடக் கூடாதுன்னு இதே வேலையைப் பண்ண மாட்டோமா? ஆளைத் தேடிப் போறதுல நம்மளை மிஞ்ச ஆள் கிடையாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. உங்க தெருவுல, சொந்தத்துல ஒருத்தருக்கு இப்படி நாள் குறிச்சிருந்தா, "நானும் வரேன்"னு சொல்லுங்க. அறிவுரை வேண்டாம். என்னை ரெண்டாவது தடவை கூட்டிட்டுப் போனது என் நண்பன். காலையில பைக்கை எடுத்துட்டு வந்து "ஏறுடா"ன்னான். வழியில கிரிக்கெட் பேசினான். அதான் அவன் செஞ்ச வைத்தியம்.

2. முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன், அன்னிக்குக் காலையில ஒரு போன். போன்ல "மனநலம்"னு சொல்லாதீங்க. "நாளைக்கு எட்டு மணிக்கு வரேன்"னு சொன்னா போதும்.

3. விருப்பம் இல்லாதவங்களை இழுத்துட்டுப் போகாதீங்க. முதல் தடவை தவறினா கோவிச்சுக்காதீங்க. அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக் கொடுங்க.

4. யாராவது சாகணும்னு பேசினா, குறிச்ச தேதிக்குக் காத்திருக்காதீங்க. தனியா விடாதீங்க. அன்னிக்கே ஜி.எச். அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. போன்ல பேச 14416 இருக்கு. டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். 104-ம் இருக்கு.

5. இது நம்ம விங்குக்கு ரொம்ப முக்கியம். போட்டோ கிடையாது. குரூப்ல பேர் போடக் கூடாது. "நம் நிர்வாகி உதவினார்"னு பதிவு கிடையாது. நம்ம வேலையே போட்டோ போடுறதுதான், தெரியும். இந்த ஒரு வேலையை யாருக்கும் தெரியாமத்தான் செய்யணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமா வெச்சுக்கிறது அவங்க உரிமைன்னு சொல்லுது.

அதே சட்டத்தோட 18-வது பிரிவு இன்னொண்ணும் சொல்லுது. நல்ல தரத்துல, கட்டுப்படியாகிற செலவுல, எட்டுற தூரத்துல அரசு மனநல சேவையைப் பெறுறது ஒவ்வொருத்தரோட உரிமை. உரிமைன்னா கேட்டு வாங்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல நாம மனுவா கொடுப்போம். தாலுகா ஆஸ்பத்திரிகள்ல மனநல டாக்டர் எந்தக் கிழமை, எந்த நேரம் இருப்பார்னு வாசல்லயே எழுதி வைக்கணும். குறிச்ச நாள்ல வராதவங்களுக்கு ஒரு போன் பண்ண ஆள் வேணும். கூலி வேலைக்குப் போறவங்களுக்காக வாரத்துல ஒரு நாளாவது சாயங்கால ஓ.பி. வேணும். தனி வரிசை, தனி போர்டு வெச்சு ஊருக்கே காட்டாம, மத்தவங்களோட சேர்த்தே டோக்கன் கொடுக்கணும். மனுவை நானே எழுதறேன். கையெழுத்து மட்டும் போடுங்க.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன். அன்னிக்கு மருந்து வரிசையில நின்ன அத்தையை நான் ரொம்ப நாள் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன். போன வருஷம் அவங்களே எங்கிட்ட பேசினாங்க. அவங்க அன்னிக்கு நின்னது பையனோட மாத்திரைக்கு. மூணு வருஷமா மனநலப் பிரிவுல காட்டிட்டு இருக்காங்களாம். என்னைப் பார்த்ததும் அவங்களுக்கும் பக்குன்னு ஆச்சாம். ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துட்டு நின்னிருக்கோம். யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருந்தா, அந்த நாலு மாசம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

நான் இப்ப சொல்லிட்டேன். உங்க பையில சீட்டு இருந்தா, கூட்டம் முடிஞ்சதும் வாங்க. என் பைக் வெளியேதான் நிக்குது.



#மனநலம் #விருத்தாசலம் #நானும்வரேன்