விண்மீன்களின் பிறப்பும் இறப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

    

உயர்கல்வி, வேலைவாய்ப்பு, உதவித்தொகை ஆகியவை பற்றி நமக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். அவை வேண்டுவனவே. நாமோ அண்டத்தின் தோற்றத்தையும் விண்மீன்களின் வாழ்வையும் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அன்றாட வாழ்வுக்கே போராடும் மக்களுக்கு வானத்துச் செய்தி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மனிதர் எதிலிருந்து தோன்றினர் என்னும் கேள்விக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு விடை கூறப்பட்டு வந்தது. ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான், வேறு சிலருக்கோ அவ்வுடலில் இடமே இல்லை என்பது அவ்விடை. அதன் சுமையைத் தாங்கியவர்கள் நம் முன்னோர். ஆகவே, அதே கேள்விக்கு அறிவியல் கூறும் விடையை அறிந்துகொள்ளும் உரிமை நமக்கு மிகுதியாகவே உண்டு.

பெல்ஜிய நாட்டு அறிஞர் லெமைத்ர் 1927-இல் அண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்னும் கருத்தை வெளியிட்டார். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்வதையும், தொலைவு மிக மிக அவற்றின் வேகமும் மிகுவதையும் அமெரிக்க அறிஞர் ஹபிள் 1929-இல் எடுத்துக்காட்டினார். விரிந்து வருவது ஒரு காலத்தில் நெருங்கியிருந்திருத்தல் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டுப் பின்னோக்கிச் சென்றால் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டம் அளவிறந்த வெப்பமும் செறிவும் உடையதாக இருந்தது என்று அறிகின்றோம். அந்தத் தொடக்கத்தையே பெருவெடிப்பு என்கின்றனர். அவ்வெப்பத்தின் எச்சம் இன்றும் வானெங்கும் மெல்லிய கதிர்வீச்சாகப் பரவியுள்ளது. பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்து 1965-இல் வெளியிட்டனர். 1978-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அண்டத்தின் முதல் சில நிமிடங்களில் உருவான பொருளில், எடைக் கணக்கில் நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். ஏறத்தாழ ஒரு பங்கு ஹீலியம். அன்று இரும்பு இல்லை. சுண்ணாம்புச் சத்து இல்லை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் இல்லை. அவை பின்னர் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டவை.

அது எங்ஙனம் நிகழ்கின்றது? பரந்த வாயு முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க அதன் நடுப்பகுதி சூடேறுகிறது. வெப்பம் ஒரு கோடி டிகிரி அளவை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்குகின்றன. அப்போது ஒரு விண்மீன் பிறக்கின்றது. நம் சூரியன் நொடிதோறும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜனை இவ்வாறு மாற்றுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருள் ஆற்றலாக வெளிப்படுகிறது. வயலில் நம்மவர் முதுகைச் சுட்ட வெயில் அதுவே. அவ்வயலில் நெல்லை விளைவித்ததும் அதுவே.

சூரியனுக்கு இன்று வயது 460 கோடி ஆண்டுகள். இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் சென்றபின் அது வீங்கிச் செம்பூதமாகி, புற அடுக்குகளை உதிர்த்து, வெண்குறுமீன் என்னும் சிறிய உடலாய் எஞ்சிக் குளிர்ந்துபோகும். இத்தகைய வெண்குறுமீனின் எடை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்ட இயலாது என்று கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் அவர் தொடங்கிய கணக்கு அது. அதனைப் பெரும் புகழ்பெற்ற எடிங்டன் 1935-இல் அவையிலேயே மறுத்தார். கணக்கே வென்றது, சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன்களின் வாழ்வு குறுகியது. அவற்றுள் கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன் எனப் படிப்படியாகத் தனிமங்கள் உருவாகி, இறுதியில் இரும்பு தோன்றுகிறது. இரும்பை இணைத்து ஆற்றல் பெற இயலாது. அடுப்பு அணைந்ததும் நடுப்பகுதி நொடிப்பொழுதில் நொறுங்குகிறது; வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. 1054-இல் அத்தகைய வெடிப்பொன்று பகலிலும் தெரிந்ததாகச் சீனர் குறித்துவைத்துள்ளனர். 1987-இல் தென்வானத்தில் ஒன்றை உலகம் வெறுங்கண்ணால் கண்டது. நாம் திருவாதிரை என்றழைக்கும் செந்நிற மீனும் ஒருநாள் இவ்வாறே வெடிக்கும். சிதறிய பொருள் புதிய முகில்களில் கலக்கிறது. அத்தகைய முகிலொன்றிலிருந்தே சூரியனும் பூமியும் நாமும் தோன்றினோம்.

எவரும் சென்று தொடாத விண்மீனில் இன்ன பொருள் உள்ளது என்று எவ்வாறு அறிந்தனர்? விண்மீனின் ஒளியைப் பிரித்தால் கருங்கோடுகள் தெரியும். அக்கோடுகளைச் சரியாகப் படிக்கும் திறவுகோலை 1920-இல் உலகுக்கு அளித்தவர் மேகநாத் சாகா. வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் ஏற்ப அணுக்கள் எந்த அளவில் எலெக்ட்ரானை இழக்கும் என்பதைக் கூறும் சமன்பாடு அது. அவர் 1893-இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர்; சாதி அடுக்கில் தாழ்வாக வைக்கப்பட்ட குடும்பத்தினர். பள்ளி நாட்களில் அவருக்குத் தங்க இடம் தந்த வீட்டில், உண்ட தட்டைத் தாமே கழுவிவைக்க வேண்டியிருந்தது. கல்கத்தாவில் மாணவர் விடுதியில் உடன் அமர்ந்து உண்ணச் சிலர் மறுத்தனர். அவருடைய சமன்பாட்டைக் கொண்டே 1925-இல் சிசீலியா பெயின் என்னும் இளம்பெண், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டார். அது நடவாதது என்று மூத்த அறிஞர் ரஸ்ஸல் கூறினார். நான்கே ஆண்டுகளில் அவரே அதனை ஏற்றார்.

இளைஞர்களே! நம் உடலின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன். அது அண்டத்தின் முதல் நிமிடங்களைச் சேர்ந்தது. எலும்பிலுள்ள சுண்ணாம்பும் குருதியிலுள்ள இரும்பும் மாண்டுபோன விண்மீன்களிலிருந்து வந்தவை. இது நமக்கு மட்டும் உரிய பெருமையன்று. நம்மை விலக்கி வைத்தவருக்கும் இதுவே பிறப்பு. ஒருவர் உடலில் தூய அணுவும் மற்றொருவர் உடலில் தீட்டான அணுவும் இருப்பதாக எந்த ஒளிக்கோடும் காட்டவில்லை.

எனினும் இதைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடல் ஆகாது. கேட்டவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். கணிதமும் இயற்பியலும் நமக்கு எட்டாதவை என்று யாரேனும் கூறினால், சாகாவை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-இல் நிறுவப்பட்டது. அத்தகைய தொலைநோக்கிகளின் பின்னே அமர்ந்து ஆராய்பவர்களாக நம் சங்கத்து மாணவர் வரவேண்டும். பொன்விழா மலரில் விண்ணியல் பற்றி எழுதுபவர், இன்று இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவராக இருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.